பேரிக்காய்ச் சாட்சி

வடகிழக்குச் சீனத்தில் எங்கள் முதன்ஜியாங் ஊர்ச் சந்தையில் ஷியூலான் நுழைகிறாள் என்றால் மீன்கடைக்காரன்கூடத் தராசுத் தட்டை ஒருமுறை துடைத்துக்கொள்வான். இருபத்திரண்டு வருடம் எடைக்கல் சோதனை அதிகாரியாக இருந்தவள். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், எட்டு காட்ட வேண்டிய இடத்தில் ஒன்பது காட்டும் மின்தராசு என்று அவள் பிடிக்காத திருட்டு இல்லை. ஓய்வு பெற்றும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. பால் பாக்கெட்டை வாங்கினால் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள்.

அப்படிப்பட்டவள் மின்சார வண்டி வாங்கப் புறப்பட்டால் என்ன ஆகும்? விற்பவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆனால் அவளுக்கு வேறு வழியில்லை. மகள் நிங் நூற்று எண்பது கிலோமீட்டர் தள்ளி ஜீஷியில் இருந்தாள். நிறைமாதம். மருமகன் கப்பல் வேலையில் கடலில். வலி எடுத்தால் போய் நிற்க அம்மாவையும் அப்பாவையும் விட்டால் ஆளில்லை. வீட்டிலிருந்த பழைய வேனோ போன தை மாதக் குளிரில் கட்டையாக உறைந்து, நான்கு நாள் கிளம்பவே இல்லை. பனி கொட்டும் மலைப்பாதையில் நடுவழியில் நிற்காத வண்டி ஒன்று வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

அகலமான அந்தத் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு கடை. இரண்டிலும் ஆறு பேர் உட்காரும் குடும்ப எஸ்யூவி. ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று பச்சை. நிறத்தை அழித்துவிட்டால் அண்ணன் தம்பி. அதே நீளம், அதே கண்ணாடிக் கூரை, ஏறக்குறைய அதே விலை. இரண்டு விளம்பரத்திலும் ஒரே வாக்கு: ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் அறுநூறு கிலோமீட்டர்.

"அறுநூறாம்! எந்த ஊர் வெயில்ல ஓட்டி அளந்தாங்களாம்?" என்றாள் ஷியூலான்.

சாம்பல் வண்டியை விற்ற மெங் என்ற பெண் சிரித்துக்கொண்டே வெந்நீர் கொடுத்தாள். "அக்கா, நீங்க ஓட்டியே பாருங்க. உள்ள சூடா தயாரா வச்சிருக்கேன்."

"அதான் வேணாங்கறேன். கடைக்குள்ள அடுப்புப் பக்கத்துல படுத்துக் கிடந்த வண்டி. என் வீட்டு வாசல்ல யாரு அடுப்பு மூட்டி வைப்பா?"

கடைசியில் ஷியூலான் போட்ட நிபந்தனையைக் கேட்டு இரண்டு கடையும் வாயைப் பிளந்தன. மாலையில் இரண்டு வண்டியும் முழு சார்ஜ் ஏற வேண்டும். இரவெல்லாம் திறந்தவெளியில் பனியில் நிற்க வேண்டும். காலையில் அவளும் கணவனும் ஆளுக்கொன்றாக ஓட்டுவார்கள், கடைக்காரர் யாரும் கூட வரக்கூடாது. அடையாள அட்டைகளை அடகு வைத்தாள். சார்ஜ் ஏற்றும் மூடிகளின் மேல் காகிதப் பட்டை ஒட்டிக் குறுக்கே கையெழுத்தும் போட்டாள். யாராவது விடியற்காலையில் திருட்டுத்தனமாகச் சொருகிவிட்டால்?

பச்சை வண்டிக்கார இளைஞன் ட்சுய் முணுமுணுத்தான். "பெரியக்கா, நாங்க வண்டி விக்கிறோம், கள்ளச்சாராயம் இல்ல."

"சாராயம்னா மோந்து பாத்தே சொல்லிடுவேன்டா. இதுக்குத்தான் இவ்ளோ பாடு."

மறுநாள் காலை சுழியத்துக்குக் கீழே இருபத்து நான்கு டிகிரி. பட்டைகள் கிழியாமல் இருந்தன. கணவன் தெஃபு எண்பத்தொரு கிலோ, ஷியூலான் ஐம்பத்தெட்டு. அவள் தன் வண்டியில் இருபத்து மூன்று கிலோ எடைக்கல்லை ஏற்றிச் சமன் செய்தாள். மகளுக்குக் கொண்டுபோகப்போகும் சாமானே சுமை: இரண்டு வண்டியிலும் ஒரே எடை அரிசி, புளித்த முட்டைக்கோஸ் ஜாடி. பின்னால் இடம் போதாமல், எங்கள் ஊரில் பனியில் உறையவைத்து, இளகியதும் தின்னும் கறுப்புப் பேரிக்காய், கல் போல உறைந்தபடி, முன் இருக்கையில் ஆளுக்கொரு பை. இரண்டு வண்டிக்குள்ளும் சூட்டை இருபத்திரண்டு டிகிரியில் வைத்தே ஓட்ட வேண்டும். மலைக்கணவாய் வரை அறுபது கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும்.

கிளம்பும்போதே ஷியூலானுக்கு முகம் சுருங்கிவிட்டது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் எண், சாம்பல் வண்டியின் திரையில் ஐந்நூற்றுத் தொண்ணூறு. அவள் ஏறிய பச்சையிலோ வெறும் முந்நூற்று நாற்பது!

"குளிருக்குத் தக்க கணக்குப் போட்டுக் காட்டுதுக்கா" என்றான் ட்சுய், தலையைச் சொறிந்தபடி.

"நல்லாக் காட்டுது போ. ஓடறதுக்கு முன்னாடியே பாதியத் தின்னுருச்சு."

தெஃபு சன்னலை இறக்கிக் கையாட்டினான். "இன்ஸ்பெக்டரம்மா, நின்னுட்டா சொல்லு, கயிறு கட்டி இழுத்துட்டு வரேன்!"

அவன் நேற்றிலிருந்தே சாம்பல் பக்கம்தான் சாய்ந்தான். மெங் அவனுக்கு ஒரு புதுப் பிளாஸ்க் கொடுத்ததை ஷியூலான் ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தாள்.

கணவாயைத் தொட்டுத் திரும்பிக் கடை வாசலில் அவள் நிறுத்தியபோது பச்சையில் மிச்சம் அறுபத்தைந்து சதவீதம். கால் மணி கழித்து வந்த சாம்பலில் எழுபது. மெங் கைதட்டினாள். ட்சுய் காலடிப் பனியைப் பார்த்தான். தெஃபு இறங்கி, "பாத்தியா? இதுலயே கையெழுத்துப் போட்டுருவோம்" என்றான்.

அவன் மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது. பஞ்சுக் கோட்டின் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருந்தது. ஷியூலான் சாம்பல் வண்டியின் கதவைத் திறந்து முன் இருக்கைப் பேரிக்காய் ஒன்றை எடுத்து எடைக்கல்லில் தட்டினாள். ணங்! தன் வண்டியிலிருந்து ஒன்றை எடுத்து அமுக்கினாள். வேர்த்து ஈரமாயிருந்த தோலுக்குள் விரல் பொதுக்கென்று இறங்கிச் சாறு வழிந்தது.

"ரெண்டு மணி நேரம் இருபத்திரண்டு டிகிரில இருந்த காயா இது?"

தெஃபுவின் மூக்குச் சிவப்பு காதுக்கும் ஏறியது.

"சூட்ட அணைச்சுட்டு ஓட்டிருக்க. ஒரு பிளாஸ்குக்கு வெல போயிட்டியாய்யா?"

"அடிப் பாவி! பிளாஸ்க நீயே வச்சுக்க!" அவன் பொரிந்தான். அப்புறம் குரல் தாழ்ந்தது. "முப்பது கிலோமீட்டர்தான் ஓடிருப்பேன். எண்ணு தொண்ணூறு எறங்கிருச்சு. சரசரன்னு எறங்குது ஷியூலான். எங்க போய் நிக்கும்னு தெரியல. எனக்குப் பயமாயிருச்சு. அணைச்சுட்டுக் கோட்டப் போட்டுக்கிட்டேன்."

"திரும்பி வந்ததும் சொல்றதுக்கென்ன?"

"கயிறு கட்டி இழுக்கிறேன்னு சொன்ன வாயி. எப்படிச் சொல்வேன்?"

எங்கள் ஊரில் இதைச் செய்யாத ஆண் உண்டா? எண் குறைந்தால் முதலில் சூட்டை அணைப்பான், பிறகு கோட்டை மாட்டுவான், கால் மரத்தாலும் வெளியே மூச்சுவிட மாட்டான். ஷியூலானுக்கு அது தெரியும். அவள் மனதுக்குள் ஓடியது வேறு. இந்த மனிதனே பயந்து அணைத்தான் என்றால், மலைப்பாதையில், வலியில் துடிக்கும் மகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

அவள் மெங் பக்கம் திரும்பினாள். "பொண்ணே, வண்டி மோசம்னு சொல்ல மாட்டேன். ஆனா உன் தராசு வாங்கறவனுக்குப் பிடிச்ச எடையச் சொல்லுது."

பிறகு பச்சை வண்டியில் ஏறித் திரையைக் காட்டினாள். புறப்படும்போது முந்நூற்று நாற்பது. ஓடியது நூற்று இருபது. இப்போது இருநூற்றிருபத்தொன்று.

"ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம். அதுவும் நமக்குச் சாதகமா" என்றாள். "இருபத்திரண்டு வருஷத்துல, தன் கடைக்கு நஷ்டமானாலும் சரியாக் காட்டுற தராச நான் ஏழெட்டுதான் பாத்திருக்கேன். டேய் ட்சுய், காகிதத்த எடு."

ட்சுய் ஓடிப்போய்க் காகிதத்தை எடுத்து வந்தான். காலையிலிருந்து அவன் தன் வண்டியின் உண்மைக்காகத் தலைகுனிந்து நின்றான், பாவம்.

பதினோராம் நாள் மத்தியானம் வலி எடுத்துவிட்டதென்று நிங் போனில் கூப்பிட்டாள். பனி விழுந்துகொண்டிருந்தது. தெஃபு ஓட்டினான், சூட்டுப் பொத்தான் மேல் ஷியூலான் கையை வைத்துக்கொண்டாள். "தொட்டுப் பாரு, விரல ஒடிச்சுடுவேன்." ஜீஷி போய்ச் சேரும்போது மிச்சம் நாற்பத்தாறு சதவீதம் இருக்கும் என்று திரை சொல்லியிருந்தது. நாற்பத்தைந்து இருந்தது. நிங்கைப் பின்னிருக்கையில் சாய்த்து, கோட்டு கூடத் தேவைப்படாத சூட்டில், மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் பேத்தி பிறந்தாள். செவிலி குழந்தையை எடைபோட்டு, "மூணு கிலோ நானூறு" என்றாள்.

ஷியூலான் கைப்பையைத் திறந்தாள். தெஃபு தலையில் கை வைத்தான்.

"அடியே, இங்கயுமா?"

"நீ சும்மாரு." துணியில் சுற்றியிருந்த இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்துச் செவிலியைப் பார்த்தாள். "கோவிச்சுக்காதம்மா. ஒரே நிமிஷம்."

கல்லைத் தராசில் வைத்தாள். இரண்டு, சுழியம், சுழியம். அவள் கல்லைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"சரி, இப்பக் குடு. மூணு கிலோ நானூறுதான்."