ஆல்பம் என்று ஒரே ஒரு கோப்பு

பத்து நிமிஷ வேலை என்று சொன்னது நான்தான். யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற பஸ்களெல்லாம் காலையிலிருந்தே எங்கள் வீட்டு வாசலில் ஹாரன் அடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தன. பதினொரு மணிக்கு என் தோழி வந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். வந்ததும் பர்ஸைத் திறந்து, காகிதத்தில் மடித்த ஒரு மெமரி கார்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். அவள் வீட்டுக்காரருடைய போனில் இருந்த கார்டு. மறுநாளோடு அவர் போய் ஒரு வருஷம்.

“நாளைக்கு பேனர் வைக்கணும்டி. சாவுக்கு வச்சதுல ஆதார் கார்டு போட்டோவ பெருசாக்கிப் போட்டுட்டானுங்க. போலீசு தேடற ஆளு மாதிரி இருந்தாரு. இந்தத் தடவையாவது மனுசன் மாதிரி ஒரு போட்டோ வேணும். நாலு மணிக்குள்ள குடுத்தாதான் அடிச்சித் தருவேன்னு பிளக்ஸ் கடை அண்ணன் சொல்லிட்டாரு.”

அவருடைய போன் எப்போதோ உடைந்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் இருப்பவர் ஒல்லியாக, மீசை சரியாக முளைக்காத வேறு ஆள். பிற்பாடு எடுத்ததெல்லாம் அந்தக் கார்டில்தான் இருந்தது, வேறு எங்கேயும் கிடையாது. இதையும் அவள் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டே கார்டை லேப்டாப்பில் செருகினேன்.

உள்ளே ஒரே ஃபோல்டரில் ஏழாயிரத்துச் சொச்சம் படங்கள். பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வந்த ‘காலை வணக்கம்’ ரோஜாக்கள், முருகன், அங்காளம்மன், எவர் வீட்டுக் குழந்தையோ. மீதி மூவாயிரம்தான் அவர் போனில் எடுத்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்தால் பொழுது போய்விடும். ஆனால் அவர் எடுத்த படங்களின் பெயர் ஒரு மாதிரி, வாட்ஸ்அப் படங்களின் பெயர் வேறு மாதிரி. பெயரை வைத்துப் பிரிக்க யூனிக்ஸில் ஒரே ஒரு வரி போதும்.

நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். அங்கே எல்லாம் யூனிக்ஸ் வகை மெஷின்கள். கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் வேலை நடக்கும். என் சொந்த லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ். பழகின கை சும்மா இருக்காது என்பதால் அதே கட்டளைகள் ஓடுகிற மாதிரி ஒரு மென்பொருளை அதிலும் போட்டு வைத்திருக்கிறேன். மாமியார் வீட்டு அடுப்பில் அம்மா வீட்டுக் குழம்பு வைப்பது போலத்தான் அது. குழம்பு வரும், ஆனால் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் திறந்து பார்க்க வேண்டும். நான் திறந்து பார்க்கிற ஜாதி இல்லை.

“மொதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சிக்கோயேன்” என்றாள் தோழி.

“ஜெராக்ஸ் கடை புத்தி போவுதா பாரு உனக்கு!” என்று சிரித்தேன். “அழிக்கவா போறேன்? ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு நகத்தப் போறேன், அவ்ளோதான்.”

என் திரையில் இரண்டு கருப்பு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று விண்டோஸுடையது, இன்னொன்று யூனிக்ஸ் வகையுடையது. ஒன்றில் ‘ஆல்பம்’ என்று ஃபோல்டர் உருவாக்கச் சொன்னேன். இன்னொன்றில், அவர் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆல்பத்துக்கு நகர்த்து என்று ஒரு வரி தட்டி என்டரை அழுத்தினேன். திரை பேசாமல் இருந்தது. யூனிக்ஸின் குணமே அதுதான், வேலை ஒழுங்காக நடந்தால் வாயைத் திறக்காது. “பாத்தியா?” என்று பீற்றிக்கொண்டேன். அவள், கடையில் ஆள் இல்லை, மத்தியானம் வருகிறேன் என்று கிளம்பிப் போனாள்.

ஆல்பத்தைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. அது ஃபோல்டரே இல்லை, ஆல்பம் என்ற பெயரில் ஒரே ஒரு கோப்பு. கார்டில் ரோஜாக்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன, முருகன் இருந்தார், அங்காளம்மன் இருந்தாள். அவர் எடுத்த மூவாயிரத்தில் ஒன்றைக்கூடக் காணோம்.

முதலில் நம்பவில்லை. மறைந்திருக்கும் என்று மறைவுக் கோப்புகளைக் காட்டச் சொன்னேன். விண்டோஸில் தேடினேன், யூனிக்ஸில் தேடினேன். கார்டைப் பிடுங்கி மறுபடி செருகினேன். அந்த ஒற்றைக் கோப்பின் பெயர் முடிவில் படத்துக்குரிய ‘.jpg’ என்ற ஒட்டைச் சேர்த்துத் திறந்தேன். அவர் ஓட்டிய லோடு வண்டியின் பின் டயர். அதில் ஒரு ஆணி. அவர் கடைசியாக எடுத்த படம்.

அப்போதுதான் விண்டோஸ் ஜன்னலில் நான் கவனிக்காத ஒரு வரி கண்ணில் பட்டது. ஃபோல்டர் உருவாக்கும் கட்டளையை யூனிக்ஸ் பாணியில் எழுதி, ஆனால் விண்டோஸ் ஜன்னலில் தட்டியிருக்கிறேன். அது புரியவில்லை என்று மறுத்திருக்கிறது. ஆக, ஆல்பம் என்று ஃபோல்டரே பிறக்கவில்லை. இல்லாத ஃபோல்டருக்கு ஒரு படத்தை நகர்த்தச் சொன்னால், யூனிக்ஸ் அந்தப் படத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிடும். முதல் படம் ஆல்பம் ஆனது. இரண்டாவது வந்து அதைத் தள்ளிவிட்டு ஆல்பம் ஆனது. இப்படியே மூவாயிரம். பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு சாய்கோடு போட்டிருந்தால், அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்று முதல் படத்திலேயே கத்தியிருக்கும். வேலையில் சேர்ந்த புதுப் பிள்ளைகளுக்கு இதை நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! ஐயோ, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்காமலேயே திரும்பி வந்தேன். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலை எப்போதும் போல நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கக்கூட எரிச்சலாக இருந்தது. போன் அடித்தது. தோழிதான்.

“முடிஞ்சிச்சா?”

“ஓடிக்கினு இருக்குது” என்றேன். ஒரு பொய். அரை மணி கழித்து மறுபடி கேட்டாள், இன்னொரு பொய்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. பெயர்தான் அடிபட்டதே தவிர, படங்களின் உள்ளடக்கம் கார்டில் அப்படியேதான் கிடக்கும், அதன்மேல் வேறு எதையும் எழுதாத வரைக்கும். அப்படிக் கிடப்பதைத் துழாவி எடுக்கிற இலவசக் கருவி ஒன்று உண்டு. இறக்கினேன். அதுவும் கருப்புத் திரைச் சமாசாரம்தான். யூனிக்ஸ் ஜன்னலில் ஓட்டினேன். குப்பை குப்பையாக எழுத்துகள் வந்து அப்படியே உறைந்துபோயிற்று. மூடினேன். விண்டோஸ் ஜன்னலில் ஓட்டினேன். ஓடியது, ஆனால் டிஸ்க் எதுவுமே இல்லை என்றது. கார்டை முந்தானையில் துடைத்துச் செருகினேன். இல்லை. வேறு துளையில் செருகினேன். இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். இல்லை. கண்ணெதிரே ரோஜா ரோஜாவாகத் தெரிகிற கார்டை ‘இல்லை’ என்றால் எனக்கு எப்படி இருக்கும்! “கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?” என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினேன்.

கத்திக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம். கதவு திறந்துதான் இருந்தது. தோழி சாப்பாட்டு வேளையில் நேராக வந்துவிட்டாள்.

“யார்கிட்டடி கத்திக்கினு இருக்க?”

இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. “எல்லாம் போச்சுடி” என்றேன். “நான்தான் போக்கிட்டேன்.”

அவள் உட்காரவில்லை. திரையில் இருந்த ரோஜாக்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “காப்பி எடுடினு சொன்னேன்ல? சொன்னேனா இல்லியா?”

“சொன்ன.”

“சிரிச்சியே.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பிக் கருவியோடு மல்லுக்கட்டினேன். என்ன செய்தாலும் டிஸ்க் இல்லை, டிஸ்க் இல்லை.

பிறகு, வெட்கங்கெட்ட விஷயம், ஒரு சாதாரணக் காரணம் நினைவுக்கு வந்தது. டிஸ்கின் அடிவயிற்றுக்குள் கைவிட விண்டோஸ் சும்மா விடாது. நிர்வாகி என்ற அதிகாரத்தோடு கருவியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்கையே கண்ணில் காட்டாது. வலது பக்கம் அழுத்தி, நிர்வாகியாகத் திறந்தேன். கார்டு வந்து நின்றது. மீட்கிற படங்களைக் கார்டில் எழுதாமல் லேப்டாப்பில் எழுது என்று சொல்லி, அந்த வரியை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அழுத்தினேன்.

படங்கள்: 0. படங்கள்: 0. படங்கள்: 14.

“வருது” என்றேன். அவள் திரும்பவில்லை. நானூறு ஆனபோது திரும்பினாள். ஆயிரத்து இருநூறு ஆனபோது நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். லேப்டாப்பின் பேட்டரி செத்துப் பல மாதமாகிறது, பிளக்கில்தான் உயிர். கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. சுவிட்சுக்குப் பக்கத்தில் காவல் நிற்கிற மாதிரி நின்றேன், கரண்டைக் காவல் காக்க முடியும் என்பது போல. அவள் “ஒக்காரேண்டி, தல சுத்துது உன்னப் பாத்தா” என்றாள். அன்று என்னிடம் அவள் கொஞ்சம் தணிந்து பேசியது அப்போதுதான்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் முடிந்தது. பெயர்கள் போய்விட்டிருந்தன, எல்லாம் வெறும் எண்கள். எடுத்த தேதி மட்டும் படங்களுக்குள்ளேயே இருந்தது. முதல் வேலையாக மொத்தத்தையும் இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தேதி வாரியாக அடுக்கி, மௌஸை அவள் கையில் கொடுத்தேன்.

வேர்க்கடலை மூட்டைகள். அவலூர்பேட்டை சந்தை. பஞ்சரான டயர்கள். மகள் தூங்குவது, மகள் சைக்கிள் விடுவது. இவள் முறைப்பது, முறைப்பது, மறுபடியும் முறைப்பது. எடுத்தவர் அவர் என்பதால் அவர் இல்லை. இருக்கிற பத்துப் பதினைந்திலும் வாயை இறுக்க மூடிக்கொண்டு, சட்டைக் காலரைப் பிடித்து யாரோ நிறுத்தியது மாதிரி நின்றார்.

திடீரென்று அவள் கை நின்றது. வண்டியின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து அவரே அவரை எடுத்துக்கொண்ட படங்கள். ஒரே காலை, இருபத்து மூன்று படங்கள். உதட்டை மூடிச் சிரிக்கிறார். ஒரு பக்கமாகச் சிரிக்கிறார். முகவாயைத் தூக்கிச் சிரிக்கிறார். பல் தெரியச் சிரிக்கிறார், முன்பல் இரண்டும் கொஞ்சம் ஏறி நிற்கின்றன. ஒன்றில் தன்னைப் பார்த்துத் தானே தாங்க முடியாமல் கண் மூடிச் சிரிக்கிறார்.

“இது நான் பாத்ததே இல்ல” என்றாள். “காலையில இதுல இருந்துச்சா?”

இல்லை. அந்தக் கருவி நான் அழித்ததை மட்டும் எடுத்துக் கொடுக்கவில்லை, அவர் அழித்ததையும் சேர்த்து எடுத்துவிட்டது. எடுத்துப் பார்த்துவிட்டு, இருபத்து மூன்றையும் அன்றைக்கே அழித்திருப்பார் போலிருக்கிறது. அதைச் சொன்னேன்.

அவள் தேதியைப் பார்த்தாள்.

“அதுக்கு மொத நாளுதான் என் தம்பி நிச்சயம்” என்றாள். “எல்லாரும் நின்னு போட்டோ எடுத்தோம். ‘பல்லக் காட்டாத, வாய மூடு, அசிங்கமா இருக்குது’ன்னு இவருகிட்ட சொன்னேன். எல்லார் எதிர்லயும்.”

அவள் முதுகில் கை வைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கண் மூடிச் சிரிக்கிற அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள், அங்கிருந்து பிளக்ஸ் கடைக்கு அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் கடைக்காரர் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“யம்மா, பல்லு கொஞ்சம் தூக்கலாத் தெரியுது. ஒண்ணும் பிரச்சினை இல்ல, வாய மூடுனாப்ல சரி பண்ணி, ஒரு கோட்டு சூட்டு மாட்டிடறேன்.”

“வேணாண்ணா” என்றாள். “கோட்டு வேணாம், ஒண்ணும் வேணாம். வாய மட்டும் மூடிடாதீங்க. நான் ஒருக்கா மூடுனது போதும்.”