மச்சாளின் மேப்பிள் மரம்

மச்சாள் தன் வலது கைப் பெருவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்ற அந்தக் காலை எனக்குள் இன்னும் கலையாமல் இருக்கிறது. நகத்தின் ஓரத்தில் மெல்லிய பச்சை நிறம் ஒட்டியிருந்தது. அவர் கனடாவுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். ஸ்காபரோவில் நாங்கள் புதிதாக வாங்கியிருந்த சிறிய வீட்டின் பக்கவாட்டில், கார் நிறுத்தும் பாதையை ஒட்டி ஒரு பெரிய மேப்பிள் மரம் நின்றது. அதில் ஓர் இலைகூட மிச்சமில்லை. வந்த நாளிலிருந்து மச்சாள் ஜன்னலால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உது செத்துப்போச்சே?" என்று ஒருதரம் கேட்டார். "இல்லை மச்சாள், குளிருக்கு நித்திரை கொள்ளுது. சித்திரையில துளிர்க்கும்" என்றேன். அவர் நம்பவில்லை போலும். அன்று காலை வெளியே போய், தாழ்ந்திருந்த ஒரு சுள்ளியின் தோலை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "உள்ளுக்குப் பச்சையாத்தான் கிடக்குது" என்றார். வந்த பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

அவர் என் கணவரின் ஒரே அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். ஒருநாள் பின்னேரம் சைக்கிளில் வெளியே போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. எங்கே போனார், யார் பிடித்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. பிள்ளைகளும் இல்லை. தம்பிக்காரன் வருடக்கணக்காக விண்ணப்பம் எழுதி அவரை இங்கே கூப்பிட்டார். அன்போடு கூப்பிட்டு, அதே அன்போடு வீட்டுக்குள் இருத்தி வைத்தார். "நான் இருக்கேக்குள்ள அக்கா ஏன் வேலைக்குப் போகவேணும்?" என்பார். எந்த மருத்துவரிடம் போவது, எந்தக் குளிர்ச்சட்டை வாங்குவது எல்லாம் தம்பியின் முடிவுதான். மச்சாள் எல்லாவற்றுக்கும் "ஓம் தம்பி" என்பதோடு சரி. பகல் முழுவதும் ஜன்னலோரம் இருப்பார். சில வேளைகளில் நான் கூப்பிடுவதுகூட அவர் காதில் விழாது. அவர் இந்த வீட்டில் இருக்கிறாரா, இன்னும் அந்தச் சைக்கிள் போன வீதியில் நிற்கிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

மார்கழியில் முதல் பெரிய பனி கொட்டியது. விடிந்தபோது வேலி, படிக்கட்டு, கார் எதுவுமே இல்லாத ஒரு வெள்ளை உலகம். சத்தங்களையெல்லாம் யாரோ போர்வையால் மூடிவிட்டதுபோல இருந்தது. பின்வளவில் வரிசையாக நின்ற சீடார் மரங்கள் பனியின் பாரம் தாங்காமல் தலை குனிந்து நின்றன. பாரத்தை இறக்கிவிடலாம் என்று நான் கூட்டுகிற நீளத் தும்புத்தடியை எடுத்துப் போய் மேலேயிருந்து ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் ஒரு மரம் நடுவால் பிளந்தது. உள்ளே தசைபோல இளஞ்சிவப்பாக இருந்தது. நான் திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தேன். மச்சாள் படிக்கட்டில் நின்றார். கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. விமான நிலையத்தில் தம்பியைக் கட்டிப்பிடித்தபோதுகூட அழாதவர் அவர்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் நான் நூலகத்துக்குப் போனேன். வளவு மரங்களைப் பனிக்காலத்தில் பராமரிப்பது பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு பிரசுரம் வாசலிலேயே இலவசமாகக் கிடந்தது. அதை மச்சாளிடம் கொடுத்தேன். அவர் அகராதியை வைத்துக்கொண்டு நான்கு நாட்கள் அதற்குள்ளேயே மூழ்கியிருந்தார். ஓரங்களில் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் எழுதினார். ஈரப்பனியைக் கீழேயிருந்து மேலாக மெதுவாகத் தூக்கிவிட வேண்டும். ஐஸ் பிடித்த கொப்பைத் தொடவே கூடாது, அது தானாக உருக வேண்டும். ஏணி வைத்து ஏறக் கூடாது. கரண்ட் கம்பியில் முட்டும் கொப்புக்குக் கிட்டவும் போகக் கூடாது. பிறகு ஒரு சாக்குத்துணி கேட்டு வாங்கி, முன்வளவில் நின்ற இளம் ஆப்பிள் கன்றின் தண்டைச் சுற்றிக் கட்டினார். கட்டாவிட்டால் பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் பட்டை வெடித்துவிடுமாம். கட்டினால் முயல்களும் கடிக்காதாம். குழந்தைக்கு மப்ளர் கட்டுவதுபோலப் பொறுமையாகக் கட்டினார்.

என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. கார் பாதையில் பனி உருகட்டும் என்று அவர் உப்பை அள்ளி அள்ளி எறிவார். உப்புப் பனியை மேப்பிள் மரத்தடியிலேயே கொண்டுபோய்க் குவிப்பார். "தம்பி, உப்பு வேருக்குக் கூடாதாம். அதுக்குப் பதிலா மண்ணைப் போடுவமே?" என்று மச்சாள் மெல்லக் கேட்டார். "அக்கா, நான் சறுக்கி விழுந்து நாரி எலும்பு முறிஞ்சா உந்த மரமே வந்து பாக்கப்போகுது?" என்றார் இவர். இவர் வேலைக்குப் போனதும் மச்சாள் பனி அள்ளும் சவளை எடுத்து, அந்தக் குவியலை மரத்தடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அப்பால் தள்ளினார். பிறகு அது அவருடைய தினசரி வேலையாகிவிட்டது.

தை முடிவில் ஒரு நாள் இரவு முழுவதும் ஐஸ் மழை பெய்தது. மழையாகவே விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. காலையில் வெயில் ஏறியபோது தெரு முழுவதும் கனவில் கண்ட இடம்போல மினுங்கியது. ஒவ்வொரு சுள்ளியும் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தது. மெல்லிய காற்று அசைந்தால் ஆயிரம் வளையல்கள் ஒன்றோடொன்று உரசுவதுபோலச் சத்தம் வரும். அத்தனை அழகில் பயம் எதுவும் தோன்றவில்லை. ஆனால் மேப்பிளின் பெரிய கொப்பு ஒன்று இறங்கி வந்து, காரின் மேல் சாய்ந்து படுத்ததுபோல நின்றது. என் கணவருக்கு மிசிசாகாவில் இரண்டு மணிக்கு வேலை. காரை எடுத்தாக வேண்டும். பத்து மணிபோல அலுமினிய ஏணியையும் வாளையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மச்சாள் ஜன்னலடியில் நின்றார். "தம்பி, ஏறாதை" என்றார். இவர் கேட்டிருக்க நியாயமில்லை. பக்கக் கதவைத் திறந்து, "தம்பி, கொப்பு மேல கரண்ட் வயரில சாஞ்சு நிக்குது" என்றார். "அக்கா, குளிருக்க நிக்காதேங்கோ, உள்ள போங்கோ. ரெண்டு நிமிஷ வேலை" என்று இவர் ஏணியின் நான்காவது படியில் கால் வைத்தார்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. "டேய்! இறங்கடா கீழ! இப்ப இறங்கடா!"

அது மச்சாளின் குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். செருப்பும் இல்லாமல், குளிர்ச்சட்டையும் இல்லாமல் படிக்கட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார். என் கணவர் பயந்து இறங்கவில்லை. அக்கா தன்னை 'டேய்' என்று கூப்பிட்ட திகைப்பில்தான் இறங்கினார். வாளைப் பனியில் போட்டுவிட்டு, "என்னக்கா?" என்று கதவடிக்கு வந்தார். அவர் வாசற்படியில் கால் வைத்த நேரம், துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். கொப்பு அடியோடு பிளந்து கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. நீல நிறத்தில் ஒரு வெளிச்சம் பாய்ந்து அணைந்தது. ஏணி காருக்கும் கொப்புக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தது. கம்பி அதன் மேல் கிடந்தது.

"ஒருத்தரும் வெளியில போகப்படாது" என்றார் மச்சாள். பழைய குரல்தான், ஆனால் அதில் ஒரு நிமிர்வு இருந்தது. "கரண்ட் பாக்கிற ஹைட்ரோக்காரருக்கு ரெலிபோன் பண்ணும்" என்று என்னிடம் சொன்னார். பண்ணினேன். அவர்கள் வருவதற்குப் பின்னேரமாகிவிட்டது.

அதுவரை வீட்டில் வெளிச்சமில்லை, சூடில்லை. மூவரும் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு சமையலறையில் இருந்தோம். ஐஸ் படிந்த ஜன்னலால் வந்த வெயில் சுவரெல்லாம் தண்ணீர்போல அசைந்தது. மச்சாள் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"அண்டைக்கு அவர் சைக்கிளை எடுக்கேக்குள்ள எனக்கு மனசு சரியில்லை. ரோட்டில சனமே இல்லை. போகாதேங்கோ எண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. போற மனுசனை ஏன் மறிப்பான் எண்டு பேசாமல் நிண்டிட்டன்."

வெளியே எங்கோ ஐஸ் உதிர்ந்து விழும் ஓசை கேட்டது. என் கணவர் எழுந்து போய் அக்காவின் காலடியில், தரையில் இருந்தார். மச்சாளின் வெறும் பாதங்கள் இன்னும் சிவந்திருந்தன. தன் போர்வையால் அவற்றைச் சுற்றினார். நான் எழுந்து மற்ற அறைக்குப் போனேன். அது அவர்கள் இருவருக்கும் உரிய அழுகை.

மரத்தை வெட்டிவிடுவோம் என்று இவர் சொல்லவேயில்லை. "என்ன செய்யலாம் அக்கா?" என்று கேட்டார். மாசி கழியும் நேரம், துளிர் விடும் முன்பு, தொழில் தெரிந்த ஆட்களை வைத்துப் பிளந்த இடத்தை ஒழுங்காக அறுத்துவிட வேண்டும் என்றார் மச்சாள். அப்படியே செய்தோம். அறுக்க வந்த ஆட்கள் போன பிறகு, பொறுத்திருந்தவர்போல மச்சாள் சொன்னார்: "தம்பி, நான் வேலைக்குப் போகப்போறன். ஒஷாவாப் பக்கம் கன்றுகள் வளர்க்கிற ஒரு இடத்தில ஆள் எடுக்கினமாம். நானே ரெலிபோன் பண்ணிக் கதைச்சிட்டன்." என் கணவர் "ஓம் அக்கா" என்றார்.

மச்சாள் பிறகு ஒஷாவாவிலேயே குடியேறிவிட்டார். இந்த வருடம் மாசியில் மறுபடி ஐஸ் மழை பெய்தது. அறுபதைத் தாண்டிய என் கணவர் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவுப் பிடியில் ஒரு கையும் காதில் தொலைபேசியுமாக நின்றார். "அக்கா, மரத்தில நல்லா ஐஸ் பிடிச்சிருக்கு. நான் வெளியில போகலாமோ?"

ஒஷாவாவிலிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது. "பொறடா, உருகட்டும்."

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஜன்னலடியில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.