வேண்டாம் என்று தலையாட்டிய பெட்டி

2008 ஆகஸ்ட் 6, புதன்கிழமை. வழக்கம்போல ஐந்தே காலுக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து காய்ச்சினேன். வீட்டம்மாவுக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்து, மடித்து, பழைய பேப்பர் அடுக்கின் மேல் விளிம்பு பார்த்து வைத்தேன். விளிம்பு பார்த்து வைப்பதற்கு வீட்டில் ஒரு நிரந்தரக் கேலி உண்டு... அதை விடுங்கள்.

எட்டு மணி பஸ். ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி. ஜன்னலோர சீட்டு கிடைத்தது. சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ். அதற்குள் என்னுடைய இரண்டு வார உழைப்பு.

சந்தோஷமாகத்தான் போனேன். அதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

இந்தப் பத்தியை வாடிக்கையாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் விருதுநகரில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். கம்பெனிகளுக்கு வெப்சைட்டும் செய்து கொடுக்கிறேன். கொஞ்ச நாளாக ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஜேகுவெரி என்று பெயர். யாரோ புண்ணியவான்கள் எழுதி, சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நெட்டில் வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் லைப்ரரி. முன்பெல்லாம் ஒரு படத்தை நகர்த்த பக்கம் பக்கமாக எழுத வேண்டும். இப்போது ஒரு வரி. 'மறை' என்றால் மறைக்கிறது. 'ஆடு' என்றால் ஆடுகிறது. வீட்டில் யாராவது நம் பேச்சை இப்படிக் கேட்கிறார்களா?

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் பக்கம் செய்யச் சொல்லியிருந்தார்கள். தீபாவளி கிஃப்ட் பாக்ஸுக்கான பக்கம். பெட்டிக்குள் என்னென்ன சரக்கு வேண்டும் என்று வாங்குகிறவரே முடிவு செய்யலாம். இடது பக்கம் படங்கள்: கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், பூச்சட்டி, சாட்டை, ராக்கெட். வலது பக்கம் ஒரு காலிப் பெட்டி. மவுஸால் படத்தைப் பிடித்து, இழுத்துக்கொண்டுபோய், பெட்டிக்குள் போட வேண்டும். சரியாக விழுந்தால் பெட்டியிலிருந்து நட்சத்திரம் சிதறும். வெளியே விட்டுவிட்டால் படம் பறந்து தன் இடத்துக்கே திரும்பிவிடும். கூடவே, பெட்டி இப்படியும் அப்படியும் தலையாட்டும்... வேண்டாம், வேண்டாம் என்று.

அந்தத் தலையாட்டலைச் சரியாகக் கொண்டுவர ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்ல வேண்டும். இதே பக்கத்தை முதலில் சாதாரணமாகத்தான் செய்திருந்தேன். சரக்கின் பெயர், பக்கத்தில் எண்ணிக்கை அடிக்க ஒரு கட்டம். மளிகைக்கடைச் சீட்டு மாதிரி இருந்தது. அழகாக இல்லை. அதனால் அந்தக் கட்டங்களை அழித்தேனா? அழிக்கவில்லை. கட்டத்தில் எண் இருந்தால்தான் ஆர்டர் போய்ச் சேரும். ஆகவே ஒரே ஒரு வரி எழுதி அவற்றை மறைத்து, மேலே படங்களைப் பரப்பிவிட்டேன். படத்தை இழுத்துப் போட்டால் கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில் எண் ஏறும். அந்த வரியை எடுத்துவிட்டால் கட்டங்கள் அப்படியே வெளியே வரும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கம்பெனியின் டவுன் ஆபீசில் எல்லாம் தயாராக இருந்தது. முதலாளியை நான் அண்ணாச்சி என்பேன். பக்கத்தில் மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு டீலர், கையில் டீ கிளாஸுடன். நான் மத்தாப்பை இழுத்துப் போட்டேன். நட்சத்திரம் சிதறியது. வேண்டுமென்றே ஒரு ராக்கெட்டை வெளியே விட்டேன். அது பறந்து திரும்பியது. பெட்டி தலையாட்டியது. டீலர் வாய்விட்டுச் சிரித்தார். தன் கடைக்கும் இதே மாதிரி ஒன்று செய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்டு என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

நாற்பத்தெட்டு வயதில் ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அண்ணாச்சி உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"ஏத்தா முனீசு, இங்கிட்டு வா. நீதான உக்காரப் போற? நீ ஒருக்கப் போட்டுப் பாரு."

முனீஸ்வரி அந்த ஆபீசில் பில் போடுகிறவர். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஊர். முன்பு நான் போனபோதெல்லாம் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பழைய பில்லிங் புரோகிராமில் அடித்துக்கொண்டிருப்பார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, எல்லாமே கீபோர்டு. அவர் அடிக்கும் சத்தம் தெரு வரை கேட்கும். இந்த சீசனிலிருந்து அந்தப் புரோகிராமை நிறுத்திவிட்டு எல்லா ஆர்டரையும் என் பக்கத்திலேயே ஏற்றுவதாக ஏற்பாடு. நெட்டில் ஆர்டர் போடத் தெரிந்த டீலர் எத்தனை பேர்? முக்கால்வாசிப் பேர் போனில்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு ஏற்றுவது முனீஸ்வரியின் வேலை.

வந்து உட்கார்ந்தார். மவுஸை இடது பக்கம் நகர்த்தி இடது கையால் பிடித்தார். மத்தாப்பை அமுக்கி இழுத்தார். பாதி வழியில் விரல் விலகியது. மத்தாப்பு பறந்து திரும்பியது. பெட்டி தலையாட்டியது.

மறுபடியும் இழுத்தார். மறுபடியும் தலையாட்டியது.

"பெட்டியே வேணாங்குதே தாயி" என்றார் டீலர்.

"ஆமாண்ணே, அதுக்கு என்னையப் புடிக்கல போல" என்று முனீஸ்வரியும் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பிறகு நான் ஒன்று சொன்னேன். குரலை எவ்வளவு கனிவாக வைத்துக்கொண்டு சொன்னேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

"வலது கையால புடிங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் புடிப்பாங்க."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். மேஜைக்கு அடியில் இருந்த வலது கையை எடுத்து மவுஸின் மேல் வைத்தார்.

நடு விரல்கள் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே வளைந்திருந்தன. தோல் மினுமினுப்பாக இழுபட்டிருந்தது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் தனித்து நின்றன. அந்தக் கை மவுஸை மூடியது. பிடிக்கவில்லை.

டீலர் கிளாஸைக் கீழே வைத்தார்.

எங்கள் பக்கத்தில் இப்படிக் கைகள் புதிதல்ல. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும். கடையில் மீதிச் சில்லறையை வாங்கும். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று பழகிவிட்டோம். அத்தனை முறை அந்த ஆபீசுக்குப் போயும் முனீஸ்வரியின் ஒரு கையை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் மறைத்தார் என்று மட்டும் எப்படிச் சொல்ல?

"ரெண்டு தீவாளிக்கு முன்ன ஃபேக்டரி செட்டுல மருந்து வெடிச்சுப் பட்டது சார்" என்றார், விலை சொல்கிற மாதிரி. "இந்த மூணு வெரலும் தனியா அமுக்காது. இதுல நம்பர் அடிக்க எடம் எதுவும் இல்லையா? நம்பர்னா அடிச்சுருவேன்."

வாசகர்களே, அந்தக் கட்டங்கள் அங்கேதான் இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருந்த அதே படங்களுக்கு அடியில். ஒரு வரி. டீலர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் எடுத்திருக்கலாம். எடுத்தால் என்ன ஆகும்? பக்கம் மளிகைச் சீட்டு மாதிரி ஆகிவிடும். மதுரைக்காரர் முன்னால். இப்போதுதான் என் நம்பரை வாங்கியவர் முன்னால்.

"இல்லம்மா" என்றேன். "இதுல அப்படி வராது."

அண்ணாச்சி என்னைக் கேட்டார், பழகினால் வந்துவிடுமா என்று. பழக வேண்டும், நாளாகும் என்றேன். அதுவும் என் வாயால்தான்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. அடிபட்டபோது ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தவர். ஆபீஸ் நாற்காலியையும் அவரே கொடுத்தவர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"சீசன் தலைக்கு மேல நிக்கி. இனி எங்கன இருந்து பழக தாயி? இதுக்கு வேற புள்ளயப் போட்டுக்கிறேன். நீ ஃபேக்டரிக்குப் போயி பேக்கிங்ல கணக்க மட்டும் பாரு. மருந்துப் பக்கமே போக வேணாம்."

முனீஸ்வரி மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அந்த ஃபேக்டரி கேட்டுக்குள்ள மட்டும் போகச் சொல்லாதீக மொதலாளி. நான் வீட்டுல இருந்துக்கிறேன். நாளைக்குக் காலம்பற வந்து சாவி, பில்லு புக்கெல்லாம் ஒப்படைச்சிட்டுப் போறேன்."

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. எல்லோரும் எழுந்து அதைக் கவனிக்கப் போனோம். எங்களுக்கு அது வசதியாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. நாளைக்கு அந்த வரியை எடுத்துவிட்டு அண்ணாச்சிக்கு போன் போடுவது. "அந்தப் பொண்ணுக்காக ராத்திரி உக்காந்து புதுசா ஒண்ணு செஞ்சிருக்கேன்" என்று சொல்வது. முனீஸ்வரிக்கு வேலை போகாது. எனக்கும் மரியாதை கெடாது. திருத்தங்கல்லில் வந்த யோசனை. ஆமத்தூர் வருவதற்குள் அண்ணாச்சி எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், முனீஸ்வரி கும்பிட்டுக்கொண்டிருந்தார்... மனசு அவ்வளவு வேகமாகப் போகிறது. எந்த லைப்ரரியும் வேண்டாம் அதற்கு.

வீட்டில் சாப்பாடு போடும்போது மனைவி கேட்டாள், காட்டப் போனது எப்படி முடிந்தது என்று. நன்றாக முடிந்தது என்றேன்.

"அந்தப் பில்லு போடுற புள்ளைக்குப் புடிச்சதா? சத்தம் தெரு வரைக்கும் கேக்கும்னு சொல்வீகளே, அந்தப் புள்ளைக்கு."

குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

சாப்பிட்டு எழுந்து டைரி எழுத உட்கார்ந்தேன். 'செயல்விளக்கம் நன்றாக நடந்தது' என்று எழுதினேன். அது பொய் இல்லை. பெட்டி ஒருமுறைகூடத் தவறாகத் தலையாட்டவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடிதான் ஆட்டியது. கையெழுத்துகூட எப்போதும்போல நேராக இருந்தது. அதைப் பார்க்கத்தான் கூசியது.

படத்தை இழுத்துப் போடும் வித்தையை எழுதச் சொல்லிச் சில வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். வித்தை ஒன்றும் பெரிதில்லை, லைப்ரரியோடு வரும் விளக்கத்திலேயே இருக்கிறது. தாராளமாகப் படம் பறக்கட்டும், பெட்டி ஆடட்டும். ஆனால் எண் அடிக்கும் கட்டத்தை மட்டும் மறைக்காதீர்கள். படத்துக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும். நம் பக்கத்தைத் தொடப் போகிற கை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாது. முனீஸ்வரி அந்த ஆபீசில் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார். நான் பென் டிரைவோடு போய் இறங்கிய பிறகுதான் அவருக்கு முடியாமல் போனது.

மறுநாள் காலை பால் வாங்கப் போகவில்லை. பேப்பரையும் பிரிக்கவில்லை. முதல் வேலையாக, கிடைத்த பஸ்ஸைப் பிடித்துச் சிவகாசியில் இறங்கி, ஆபீஸ் வாசலில் நின்றேன். அண்ணாச்சி வந்து ஷட்டரைத் தூக்கினார். அவர் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தும் வரைகூடப் பொறுக்காமல் சொன்னேன்: நேற்று நான் சொன்னது பொய், கட்டம் இருந்தது, நான்தான் மறைத்திருந்தேன்.

எடுத்த தீக்குச்சியை உரசாமல் என் பக்கம் திரும்பினார். "இத எங்கிட்ட சொல்லி என்ன சார்? அந்தப் புள்ள வரும். அதுட்ட சொல்லுங்க" என்றார்.

முனீஸ்வரி வந்தார். சாவிக்கொத்து கையில் இருந்தது. சொன்னேன். கம்ப்யூட்டரைப் போட்டு அவர் கண் முன்னாலேயே அந்த வரியை எடுத்தேன். கட்டங்கள் வரிசையாக வந்து நின்றன. முனீஸ்வரி சாவியை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆர்டர் சீட்டு ஒன்றை எடுத்து நிமிர்த்தி வைத்தார். இடது கை எண்களுக்கும் டேப் கீக்கும் மாறி மாறிப் போனது, வலது கைக் கட்டைவிரல் சீட்டின் வரிகளில் நகர்ந்தது. பழைய சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அண்ணாச்சி அந்தச் சாவியை எடுக்கவில்லை. மேஜையிலேயே விட்டுவிட்டு ஊதுபத்தியைக் கொளுத்தப் போனார்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் முனீஸ்வரி கேட்டார்: "இது நேத்தும் இங்கனயேதான் இருந்துச்சா சார்?"

"ஆமாம்மா" என்றேன்.

டேப் கீயைத் தட்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.