அண்ணன் கொண்டுவந்த ஆயில்

அப்பா போன பிறகு காடு தோட்டமெல்லாம் அண்ணனுக்கும் கார் எனக்கும் என்று ஆயிற்று. கார் என்றால், கோழிகள் ஏறி முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு கறுப்பு அம்பாசிடர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பல வருஷம் நானும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. கோபத்தில் நான் அப்பாவைக் கொண்டிருக்கிறேன் என்பார்கள், அண்ணனும் அப்படித்தான்.

அந்தக் காரைத்தான், என் வீட்டுக்காரரின் முணுமுணுப்பையும் மீறி, நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். இன்ஜினை முழுக்கப் பிரித்துப் புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டுக் கட்டினார். ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்வதுதான் பாக்கி. சிந்தெடிக் ஆயில் நல்லதாமே என்று கேட்டேன்.

"இதுக்கு வேண்டாங்க்கா. சாதா மினரல் ஆயிலே ஊத்திக்கலாம்" என்றார். புது ரிங் சிலிண்டரோடு கொஞ்சம் உரசித்தான் படியுமாம். சிந்தெடிக் வழுக்கிக்கொண்டே இருந்தால் படியாதாம். பழைய இன்ஜின் என்பதால் பின்பக்கம் கசியவும் செய்யுமாம். சரி என்றேன். ஆயிலைப் பற்றி எனக்கு அதற்கு மேல் ஆசையும் இல்லை.

ஸ்டார்ட் செய்கிற அன்று காலையில் அண்ணன் வந்து நின்றார். திருச்செங்கோட்டில், போர்வெல் போடுகிற ரிக் லாரிகளுக்கு ஆயில் விற்கிற கடை அவருடையது, பட்டறைச் செய்தி எதுவும் அவர் காதுக்குப் போகாமல் இருக்காது. கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், நடுவில் குங்குமப் பொட்டு வைத்த சிந்தெடிக் ஆயில் கேன்.

"பொறந்த ஊட்டுச் சீர் அம்மிணி. அப்பா வண்டி கெளம்பறப்ப நான் வராம இருப்பனா?"

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேனைப் பார்த்த பிறகுதான், வசமாக மாட்டிக்கொண்டோம் என்று உறைத்தது. சீரை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? வாங்கி வைத்துவிட்டுப் பிறகு வேறு ஆயிலை ஊற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேன் மூடியைத் திருகிவிட்டார்.

மெக்கானிக் என் பக்கம் நகர்ந்தார். "அக்கா, நீங்க சொல்லுங்க. நான் சொல்ல முடியாதுங்க, நானே அவருகிட்டத்தான் ஆயில் வாங்கறனுங்க."

நான் தாம்பாளத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் தன் கையாலேயே ஊற்றி முடித்தார்.

கார் ஓடியது, நீலப் புகையோடு. சில வாரங்களில் போர்டிகோவில் சொட்ட ஆரம்பித்தது. "இப்பவாச்சும் மாத்திப்போடலாங்க்கா, இப்படியே உட்டா மறுக்காவும் இன்ஜின எறக்கோணும்" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஆயில் குறையக் குறைய அண்ணன் புதுக் கேனோடு வந்துகொண்டிருந்தார். டீ குடிப்பார், என் மகளின் படிப்பை விசாரிப்பார். கசிவு நின்றால் அவர் எதைச் சாக்கிட்டு வருவார்? அப்பாவின் கார் என் கண்ணெதிரே வீணாகிறதே என்று வயிறு எரியும். அடுத்த நிமிஷமே வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காது போகும்.

போன மாதம் வந்தவர் போர்டிகோவில் இருந்த கறையை மிதித்துவிட்டார். செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணா, இதுக்கு இந்த ஆயில் ஒத்துக்கலீங்க. சாதா ஆயிலே போதுமுங்க."

"தெரியும் அம்மிணி. ஆயில் கடை வெச்சிருக்கறவனுக்கு இது தெரியாதா?"

"அப்பறம் எதுக்குங்ணா?"

அவர் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "காட்டையெல்லாம் நான் எடுத்துக்கிட்டேன். ஆயிலாச்சும் ஒசந்ததாக் குடுக்க வேண்டாமா?"

கேனை நீட்டியபடி நின்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது? இன்ஜினை மறுபடியும் இறக்க மெக்கானிக்கிடம் நாள் கேட்டு வைக்க வேண்டும்.