மோந்து பாரு தாயி

மீன்தொட்டியில் மூன்று நாளாக நத்தை அசையவில்லை. "செத்துருச்சும்மா, தூக்கிப் போட்டுருவோம்," என்றாள் மகள். ஓட்டுக்குள் மூடிக்கொண்டிருந்ததை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன்.

நான் சின்னவளாக இருந்தபோது அப்பாவுக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசு மருந்து கலக்கும் வேலை. நாலு தரம் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் எங்கள் நத்தைத் தொட்டியில் கை விடுவார். ஓடு கெட்டிப்பட முட்டைத்தோட்டை நொறுக்கிப் போடுவார். நத்தை மூடிக்கொண்டால் மட்டும் தவித்துப்போவார். செத்திருந்தால் நாறும், எடுக்காவிட்டால் தண்ணீர் கெட்டு மற்றவையும் சாகும். கந்தக நெடியிலேயே கிடந்த அவர் மூக்குக்கு எந்த வாசனையும் எட்டாது.

"மோந்து பாரு தாயி. உசுரு இருக்கா?"

"இருக்குப்பா."

உடனே அவர் முகம் மலர்ந்துவிடும். அந்த முகத்துக்காக ஒருநாள் நாறிய நத்தையையும் இருக்கு என்றேன். மறுநாள் அத்தனை நத்தைகளும் செத்துக் கிடந்தன. மழை பெய்ததும் அப்பா கண்மாயிலிருந்து வேறு நத்தைகள் கொண்டுவந்தார். அதில் ஒன்று மூடிக்கொண்டபோது மறுபடியும் என்னிடமே நீட்டினார்.

இப்போது என் கையிலிருந்த நத்தையில் பாசி வாசனை மட்டும்தான் வந்தது. மகளிடம்தான் சொல்ல வாயெடுத்தேன்.

"இருக்குப்பா," என்று வந்தது.