கடலுக்கு வைத்த பில்டர்

சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் ஓர் இசைக்குழு இருந்தது. அதில் நான் வாய் திறக்காத ஆள். பாடவும் வராது, ஆட்களின் முகம் பார்த்துப் பேசவும் வராது. குழுவை நடத்தியவரை எல்லோரும் அண்ணன் என்போம். அவர்தான் என்னைப் பெட்டிக்குப் பின்னால் உட்கார வைத்தார். பெட்டி என்பது கட்டாரில் வேலை செய்த ஓட்டமாவடிக்காரர் ஒருவர் கொண்டுவந்து விற்ற, கரண்டில் விதவிதமாகச் சத்தம் உண்டாக்கும் சிந்தசைசர். துண்டு துண்டாக இருக்கும். வயர் குத்தி இணைத்தால்தான் சத்தம் வரும்.

தேற்றாத்தீவில் போட்ட மீனவர் நாடகத்துக்குக் கடல் இரைச்சல் வேண்டும் என்றார்கள். அதை என்னிடமே விட்டார் அண்ணன். சரிவந்தால் நானும் குழுவில் ஒருவன். ஸ்டேஷன் பிடிபடாத றேடியோபோல இரையும் சத்தத்தை எடுத்து, மேல் சத்தத்தை வெட்டும் பில்டருக்குள் விட்டேன். சீறல் அடங்கியது. அதன் குமிழை மெல்லத் திருகித் திருகி விட, அலை வந்து போனது. கீழ்ச் சத்தத்தை வெட்டும் மற்றப் பில்டரையும் பின்னால் சேர்த்துப் பார்த்தேன். கடல் மெலிந்துபோனது. கழற்றிவிட்டேன். ஹெட்போனில் அது மாங்கேணிக் கடலேதான்.

இருட்டுமுன் சனம் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் நாடகத்தைப் பின்னேரமே தொடங்கினோம். ஆளுயர ஸ்பீக்கர் பொக்ஸ்கள். அலையைத் திறந்தேன். ஹெட்போனில் இவ்வளவு தெரியாத கீழ்ச் சத்தம் நிலத்தால் அதிர்ந்து வந்தது. மேடைக்கூரைத் தகரம் படபடவென்று அடித்தது. சுடுவதற்கு ஹெலிகொப்டர் தாழ வருகிற அதே சத்தம். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மணலில் குப்புற விழுந்தார்கள். மேடையில் மீனவனும் படுத்துவிட்டான். குமிழில் கை இருக்க, நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நிப்பாட்டுடா!" என்று அண்ணன் கத்தினார்.

முன்னால் இருந்த ஒரு பெண் எழும்பி, மகளின் தலையில் மண்ணைத் தட்டினாள். "என்ன மனே, கடலெண்டா கடலெண்டு சொல்லிப்போட்டு விடன்."

"குண்டு போடுற வயர இன்னும் குத்தல்ல போல!" என்றது பின்னால் ஒரு குரல். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பிள்ளை மட்டும் தாயின் சீலையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"மறுகா விடுறியா?" என்று அண்ணன் காதுக்குள் கேட்டார்.

கழற்றிவைத்த மற்றப் பில்டரையும் சேர்த்துக் குத்தினேன். சுளகில் அரிசி புடைப்பதுபோல ஒரு கடல் வந்தது. அதற்குப் போய்க் கை தட்டினார்கள். பிள்ளை மெல்ல முகம் எடுத்தது. நாடகத்தைப் பார்க்கவில்லை, குமிழில் இருந்த என் கையையே பார்த்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அலை எழும்பாத கடலில் மீனவன் கடைசிவரை தோணி வலித்தான்.