குள்ளஞ்சாவடிக்கு முன்னால் நின்ற பிக்கப்பு

"கர்ர்... கர்ர்..." என்று நாலைந்து முறை இருமிவிட்டுக் கடைசியில் ஒரு விக்கலோடு அடங்கிப்போகும் அந்தச் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். அடுத்த சத்தம் அப்பாவுடையது: "எழுந்து வாங்கடி, தள்ளணும்!" நெய்வேலியில் மற்ற பிள்ளைகள் ஷிப்டுச் சங்கு கேட்டு எழுந்த காலத்தில், நானும் தனம் அக்காவும் அப்பாவின் 'பிக்கப்பு' வேன் கிளம்ப மறுப்பதைக் கேட்டுத்தான் எழுந்தோம். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவே பார்க்க, அந்த இரும்புப் பிசாசைத் தெருமுனை வரை தள்ளிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்துதான் பல்லே விளக்குவோம்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் அந்த வண்டியைப் பற்றிப் பக்தியோடு பேசுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சுரங்கத்துக்கு எங்கள் நிலம் போனபோது கிடைத்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மிச்சத்துக்குத் தவணை போட்டு அப்பா வாங்கிய பழைய வண்டி அது. பண்ருட்டிச் சந்தையிலிருந்து காய்கறியும் பலாப்பழமும் ஏற்றிவந்து சுரங்க ஊழியர்களின் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் போய் விற்பார். மிச்சத் தவணையையும் கட்டி முடித்த அன்று வண்டிக்கு மாலை போட்டு, எங்களுக்கெல்லாம் கேசரி வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி அவரோடு பேசவே முடியவில்லை. பண்ருட்டியிலிருந்து ஒரு வண்டித் தரகர் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, "அண்ணே, இதைக் குடுத்துட்டுப் புதுசு ஒண்ணு எடுத்துக்குங்க, மாசாமாசம் கட்டுனா போதும்" என்பார். அப்பா பானெட்டைத் தட்டிக்கொண்டே சொல்வார்: "இது கடன் தீந்த வண்டிங்க. எவனாச்சும் வந்து சாவியக் கேக்க முடியுமா? நெலத்தத்தான் ஒரு கையெழுத்துல வாங்கிக்கினாங்க. இத வாங்க முடியாது." அந்த வலி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் புரிவது வேறு, பொறுத்துக்கொள்வது வேறு.

தனம் அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். டீச்சர் ட்ரெயினிங்குக்குக் கடலூரில் இன்டர்வியூ, காலை பத்து மணிக்கு வரவேண்டும் என்று கார்டு வந்தது. எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு கார்டு வந்ததில்லை. அக்கா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். "பஸ்ஸுலயே அனுப்பிடலாங்க" என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். "வாசல்ல வண்டி நிக்குது, எம்பொண்ணு பஸ்ஸுல தொங்கிக்கினு போவுமா?" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே, அதனால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைத்து என்னையும் ஏற்றிக்கொண்டார். வடலூர் தாண்டி, குள்ளஞ்சாவடிக்கு ஒரு மைல் இருக்கும்போது, புகையை ஒரு தடவை கக்கிவிட்டு வண்டி நின்றது. அப்பா இறங்கி, முன்னால் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார், திரும்பவும் சுற்றினார். கஞ்சி போட்ட புதுப் புடவையில், கார்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு அக்கா தள்ளினாள். நானும் தள்ளினேன். ஊகூம்.

அப்போதுதான் கடலூர் பஸ் வந்தது. எங்களைத் தாண்டிப் போய், தானாகவே நின்றது. கண்டக்டர் இறங்கி நின்று கூப்பிட்டார்: "கடலூருதானே? ஓடியா பாப்பா, நேரத்துக்கு எறக்கி உட்டுர்றேன்." அக்கா இரண்டு அடி எடுத்து வைத்தாள். பானெட்டுக்குள்ளிருந்து தலையைக் கூடத் தூக்காமல் அப்பா கத்தினார்: "நீங்க போங்க! ரெண்டே நிமிஷம், கெளம்பிடும்!" கண்டக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா அப்பாவின் முதுகைப் பார்த்தாள். விசில் கேட்டது, பஸ் போய்விட்டது. அந்தப் படிக்கட்டில் அவள் கால் வைத்திருந்தால் அவருடைய வண்டி தோற்றுப்போனதாகிவிடுமாம்! அடப்பாவி மனுஷா, தோற்றால்தான் என்ன? பெற்ற பெண்ணைவிட அந்தத் தகரம் பெரிதா?

அடுத்த பஸ் பதினொன்றரைக்குத்தான்; அது வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ஒருவழியாகக் கிளம்பியது. கடலூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. வராந்தாவில் இருந்த பியூன் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பேரு கூப்ட்டு முடிஞ்சிதும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அக்கா அழவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் வண்டி ஒரு மக்கரும் பண்ணவில்லை. வடலூர் அருகில் அப்பா ஸ்டியரிங்கைத் தட்டி, "பாத்தியா, இப்ப எப்பிடிப் போவுது!" என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். பத்து வயதில் எனக்கு அவரைக் கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்கள். அடுத்த தையில் அக்காவுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. காடாம்புலியூரில் வாழ்க்கைப்பட்டு, நாற்பது வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்தாள். கொட்டை ஓட்டில் கசியும் பால் பட்டுப் பட்டு விரல்களின் தோல் உரிந்து கறுத்துப்போனது. நான் டீச்சரானேன். பஸ்ஸில் போய்ப் படித்தேன்.

இப்போது அப்பா இல்லை. வண்டியை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. நாங்கள் இருந்த தெருவும் சுரங்கத்துக்குள் போய்விட்டது. போகட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போன மாதம் அக்காவின் பேரன் லோன் போட்டுக் கார் வாங்கிக்கொண்டு வந்தபோது, சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து, "பெரியவரு மாதிரி வருமா? கடைசி வரைக்கும் கடன் இல்லாம வண்டி ஓட்டுன மனுஷன்" என்று ஆரம்பித்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. குள்ளஞ்சாவடிக் கதையை அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைத்தேன்.  அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவ ஏண்டி திட்டுற? கண்டக்டரு எறங்கி நின்னு கூப்ட்டாரே. நான்தான் ஏறாம நின்னுகினு இருந்துட்டேன்" என்றாள்.

அறுபது வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.